பயனர் எண் பூஜ்யம்

புதிதாக ஒரு லினக்ஸ் சர்வரின் பொறுப்பை ஏற்கும் அட்மின் முதலில் அடித்துப் பார்க்க வேண்டிய கட்டளை ‘ஐடி’. நீங்கள் யாராக உள்ளே வந்திருக்கிறீர்கள், எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். அந்த வரியைக் கவனித்தால் எண் முன்னால் இருக்கும், பெயர் அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இருக்கும். பெயரை நமக்காக அச்சிடுகிறார்கள். அமைப்பின் மையமான கெர்னலுக்கு எண் மட்டும் போதும்.

லினக்ஸ் பாதுகாப்பைப் படிக்க உட்கார்ந்தால் ஃபயர்வால், என்க்ரிப்ஷன், எஸ்இலினக்ஸ் என்று தலைப்புகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாம் தேவைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்வி: இந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எந்த எண்ணின் கணக்கில் ஓடுகிறது, அந்த எண் எந்த இடத்தில் மாறியது? கடந்த சில ஆண்டுகளில் பெரிதாகப் பேசப்பட்ட ஓட்டைகளில் பல, எண் மாறும் அந்த இடங்களில்தான் இருந்தன. அங்கிருந்து தொடங்கினால் மற்றவை புரிய அதிக நேரம் ஆகாது.

எண்ணும் பெயரும்

ஈடிசி டைரக்டரியில் இருக்கும் பாஸ்வேர்ட் கோப்பைத் திறந்தால் வரிக்கு ஒரு பயனர் இருப்பார். முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு புலங்களில் மூன்றாவது பயனர் எண், நான்காவது குழு எண். தலைமைப் பயனரான ரூட்டின் வரியில் மூன்றாவது புலம் 0. எல்லா அதிகாரமும் அந்த 0-க்குத்தான். யார் கண்ணையும் உறுத்தாத ஒரு பெயரில் இன்னொரு வரி சேர்த்து, அதன் எண்ணையும் 0 என்று போட்டுவிட்டால் அதுவும் ரூட்தான். சர்வருக்குள் புகுந்தவர்கள் திரும்பி வருவதற்கு வழி வைத்துவிட்டுப் போகும் மிகப் பழைய உத்தி இது. மூன்றாவது புலம் 0 ஆக உள்ள வரிகளை மட்டும் காட்டச் சொல்லி ‘ஆக்’ கட்டளையில் ஒரு வரி அடித்தால் தெரிந்துவிடும். ஒன்றுக்கு மேல் வந்தால் விசாரணையைத் தொடங்குங்கள்.

எண்தான் அடையாளம் என்பதால் வரும் இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு பயனரை நீக்கும்போது அவருடைய ஹோம் டைரக்டரியோடு சேர்த்து நீக்கினாலும், மற்ற இடங்களில் அவர் உருவாக்கிய கோப்புகள் அப்படியே கிடக்கும். அவற்றின் உரிமையாளர் பகுதியில் பெயருக்குப் பதில் வெறும் எண் தெரியும். பயனர் சேர்க்கும் கட்டளை வழக்கமாக, இருக்கும் எண்களில் பெரியதற்கு அடுத்ததை எடுத்துக்கொள்ளும். ஆக, கடைசியாகச் சேர்ந்தவரை நீக்கிவிட்டுப் புதியவரைச் சேர்த்தால் அவருக்கு அதே எண் கிடைக்கும், பழையவருடைய கோப்புகளும் சத்தமில்லாமல் அவருக்கே சொந்தமாகிவிடும். ‘ஃபைண்ட்’ கட்டளையில் ‘நோயூசர்’ என்றொரு தேர்வு இருப்பது இப்படி அநாதையாகக் கிடக்கும் கோப்புகளைத் தேடத்தான்.

எண் ஒட்டியிருப்பது ப்ராசஸோடு. லாகின் செய்யும்போது, நீங்கள் அடிக்கும் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்லுக்கு ஒரு எண்ணும் குழுக்களின் பட்டியலும் கொடுக்கப்படும். அந்த ஷெல்லிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு ப்ராசஸும் அதையே சுமந்து செல்லும். ‘குழுவில் சேர்த்தும் வேலை செய்யவில்லை’ என்று பயனர் வந்து நிற்பது இதனால்தான். குழுக் கோப்பு மாறிவிட்டது, ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லின் பட்டியல் மாறவில்லை. வெளியேறி மறுபடி வந்தால் சரியாகிவிடும். இதன் மறுபக்கம் கொஞ்சம் ஆபத்தானது. ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கிய பிறகும் அவருடைய பழைய செஷன் பழைய அதிகாரத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் தேடி முடித்துவைக்க வேண்டும்.

ஒன்பது பிட்டுகள்

கோப்பின் அனுமதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றுக்கும் படிக்க 4, எழுத 2, இயக்க 1. 755, 644 என்ற எண்கள் இப்படித்தான் வருகின்றன. இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஆனால் அனுபவசாலிகளுக்கே நழுவிப்போகும் சில விஷயங்கள் இதற்குள் உண்டு.

கெர்னல் மூன்று பிரிவையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் உரிமையாளராக இருந்தால் உரிமையாளர் பிட்டுகளை மட்டும் பார்த்து முடிவெடுக்கும். அங்கே அனுமதி இல்லையென்றால், குழுவுக்கும் மற்றவர்களுக்கும் தாராளமாகத் திறந்திருந்தாலும் உங்களுக்குக் கிடையாது. அனுமதி 077 உள்ள கோப்பை ஊரே படிக்கலாம், உரிமையாளர் படிக்க முடியாது. உரிமையாளர் அனுமதியையே மாற்றிக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம்.

அடுத்தது டைரக்டரி. ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பில் எழுதும் அனுமதி தேவையில்லை, அது இருக்கும் டைரக்டரியில் எழுதும் அனுமதி வேண்டும். டைரக்டரி என்பது பெயர்களின் பட்டியல். அழிப்பது என்றால் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுப்பது. ரூட்டுக்குச் சொந்தமான, படிக்க மட்டுமே அனுமதியுள்ள ஒரு அமைப்புக் கோப்பைப் பத்திரமாக வைத்துவிட்டோம் என்று நினைப்போம். அது இருக்கும் டைரக்டரி எல்லோருக்கும் திறந்திருந்தால், யார் வேண்டுமானாலும் அதைத் தூக்கிவிட்டு அதே பெயரில் தன் கோப்பை வைத்துவிடலாம். எல்லோரும் எழுதும் ‘டெம்ப்’ டைரக்டரியில் இது நடக்காமல் இருப்பதற்குக் காரணம் ஸ்டிக்கி பிட். அதன் அனுமதி 1777. முன்னால் உள்ள 1 இருப்பதால், கோப்பின் உரிமையாளர், டைரக்டரியின் உரிமையாளர், ரூட் இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே கோப்பை அழிக்க முடியாது.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற 777. ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் மொத்த டைரக்டரிக்கும் உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துப் பார் என்ற ஆலோசனை இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது எதையும் சரிசெய்வதில்லை, எந்த ப்ராசஸ் எந்த எண்ணில் ஓடுகிறது என்று பார்க்கும் வேலையைத் தள்ளிப்போடுகிறது. ‘பிஎஸ்’ கட்டளையில் வெப் சர்வரின் பயனர் யார் என்று பார்த்து, அவருக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு படியிலும் நுழையும் அனுமதி இருக்கிறதா என்று ‘நேம்ஐ’ கட்டளையால் பார்த்தால் பிரச்சினை எந்தப் படியில் என்று தெரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், ஹோம் டைரக்டரிக்கு 777 கொடுத்தவர்கள் சில நேரம் தங்களையே வெளியே பூட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் எழுதக்கூடிய இடத்தில் இருக்கும் கீ கோப்பை (கடவுச்சொல்லுக்குப் பதில் நுழைய உதவுவது), தொலைவிலிருந்து நுழைய விடும் எஸ்எஸ்எச் சர்வர் நம்பாது. இயல்பான அமைப்பிலேயே அது நிராகரித்துவிடும். இருந்த கீ அப்படியே இருக்கும், கதவு மட்டும் திறக்காது.

எண் மாறும் இடம்

சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை மாற்றுகிறார். கடவுச்சொல்லின் ஹேஷ், அதாவது திரும்பப் பெற முடியாதபடி மாற்றிய வடிவம், இருப்பது ‘ஷேடோ’ கோப்பில். அந்தக் கோப்பில் ரூட் மட்டுமே எழுத முடியும். பின் இவரால் எப்படி மாற்ற முடிகிறது?

இதற்கான விடையை டென்னிஸ் ரிட்சி பெல் லேப்ஸில் கண்டுபிடித்தார். 1973-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1979-ல் கிடைத்தது. அதுதான் ‘செட்யூஐடி’ பிட். ஒரு நிரலின் கோப்பில் இந்த பிட் இருந்தால், அதை யார் இயக்கினாலும் அது கோப்பின் உரிமையாளருடைய எண்ணில் ஓடும். கடவுச்சொல் மாற்றும் நிரல் ரூட்டுக்குச் சொந்தமானது, செட்யூஐடி பிட்டும் உண்டு. எனவே அது 0 ஆக ஓடி, ஷேடோ கோப்பைத் திருத்திவிட்டு முடிந்துவிடுகிறது. ப்ராசஸ் இரண்டு எண்களை வைத்துக்கொள்கிறது: இயக்கியவர் யார் என்பது ஒன்று, அனுமதி பார்க்கும்போது பயன்படுவது இன்னொன்று.

அழகான யோசனைதான். விலை என்னவென்றால், அப்படிப்பட்ட ஒவ்வொரு நிரலும் சாதாரணப் பயனர் கொடுக்கும் உள்ளீட்டை ரூட்டின் அதிகாரத்தோடு கையாள்கிறது. இயக்குபவர் கொடுப்பது கட்டளைக்கான வாதங்கள் (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் சொற்கள்) மட்டும் இல்லை. சூழல் மாறிகள் (நிரலுக்குப் பின்னணியில் போய்ச் சேரும் மதிப்புகள்), திறந்த கோப்புகள் என்று நிரல் எழுதியவர் நினைத்தே பார்க்காதவை எல்லாம் சேர்ந்து வரும்.

2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பிவோன்கிட்’ இதற்குக் கச்சிதமான உதாரணம். பல லினக்ஸ் விநியோகங்களில் (டெபியன், உபுண்டு போன்ற தொகுப்புகளில்) இயல்பாகவே நிறுவப்பட்டிருந்த ‘பிகேஎக்ஸெக்’ என்ற செட்யூஐடி நிரல், தன்னிடம் குறைந்தது ஒரு வாதமாவது இருக்கும் என்று எடுத்துக்கொண்டது. எப்போதும் நிரலின் பெயராவது முதல் வாதமாக இருக்குமே! ஆனால் வாதமே இல்லாமலும் ஒரு நிரலைத் தொடங்க அப்போது கெர்னல் அனுமதித்தது. நினைவகத்தில் வாதங்களின் பட்டியலுக்கு அடுத்தே சூழல் மாறிகளின் பட்டியல் இருக்கும். இல்லாத வாதத்தைத் தேடிப் போன நிரல் சூழல் மாறியை எடுத்துவிட்டது, பிறகு அதே இடத்தில் எழுதவும் செய்தது. செட்யூஐடி நிரல் தொடங்கும்போது ஆபத்தான சூழல் மாறிகளை அமைப்பே களைந்துவிடும். இந்த வழியில் அவற்றில் ஒன்றை மறுபடி உள்ளே நுழைக்க முடிந்தது. எந்தச் சாதாரணப் பயனரும் ரூட் ஆகலாம். ஓட்டை 2009-லிருந்து அங்கேயே இருந்தது.

ஆகவே ஒவ்வொரு சர்வரிலும் செட்யூஐடி நிரல்கள் எவை என்று ஒரு பட்டியல் கையில் இருக்க வேண்டும். ஃபைண்ட் கட்டளைக்கு அனுமதி 4000 என்று கொடுத்து மொத்த அமைப்பையும் தேடினால் கிடைக்கும். நிறுவிய அன்றே எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹோம் டைரக்டரியிலோ டெம்ப்பிலோ ஒன்று முளைத்திருந்தால் அதற்கு நியாயமான விளக்கம் அநேகமாக இருக்காது. அந்தப் பகுதிகளை ‘நோசூயிட்’ தேர்வோடு மவுன்ட் செய்துவிட்டால் (அமைப்போடு இணைத்துவிட்டால்) அங்கே அந்த பிட்டுக்கு மதிப்பே இருக்காது.

ரூட்டின் முழு அதிகாரத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் கொடுக்கும் வசதியும் உண்டு. அதன் பெயர் ‘கேப்பபிலிட்டி’. பழைய நாட்களில் ‘பிங்’ கட்டளைகூட செட்யூஐடி ரூட்தான். ஒரு நெட்வொர்க் பொட்டலத்தை அனுப்புவதற்காக அமைப்பையே தூக்கிக் கொடுத்த கதை. இப்போது அதற்கு வேண்டிய சின்னத் துண்டை மட்டும் கொடுக்கலாம். 1024-க்குக் கீழான போர்ட்டை, அதாவது நெட்வொர்க் வாசலை, திறப்பதற்கும் அப்படியே. எல்லாத் துண்டும் சமம் இல்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சில துண்டுகள் நடைமுறையில் முழு ரூட்டுக்குச் சமம்.

சூடோவும் ஷெல்லும்

‘சூடோ’ 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. ரூட் கடவுச்சொல்லைப் பத்து பேருக்குச் சொல்வதற்குப் பதிலாக, அவரவர் கடவுச்சொல்லைக் கொடுத்து, அனுமதிக்கப்பட்ட வேலையை மட்டும் ரூட்டாகச் செய்துகொள்ளலாம். யார் எதைச் செய்தார் என்று லாகிலும் பதியும். சூடோவும் ஒரு செட்யூஐடி நிரல்தான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 2021 ஜனவரியில் ‘பேரன் சாமெடிட்’ என்ற பெயரில் வெளிவந்த ஓட்டை அதை நினைவுபடுத்தியது. 2011-ல் நுழைந்த ஒரு பிழை. வாதத்தின் கடைசியில் ஒரு பின்சாய்வுக்கோடு வந்தால் நினைவகத்தின் எல்லையைத் தாண்டி எழுதிவிடும். சூடோ பயன்படுத்தவே அனுமதி இல்லாத பயனர்கூட ரூட் ஆகிவிடலாம் என்பதுதான் அதில் கொடுமை.

சூடோவின் விதிகளை எழுதும்போது ‘விசூடோ’ வழியாக மட்டும் எழுத வேண்டும். இலக்கணப் பிழை இருந்தால் அது சேமிப்பதற்கு முன் தடுக்கும். நேரடியாகத் திருத்தி ஒரு எழுத்து பிசகினால் பழைய பதிப்புகளில் சூடோ மொத்தமாக வேலை செய்யாது, அதைச் சரிசெய்யவும் சூடோதான் வேண்டும்.

விதிகளில் நடக்கும் பெரிய தவறு இன்னொன்று. ‘இந்த ஒரு லாக் கோப்பைப் பார்க்க மட்டும் அனுமதி’ என்று நினைத்து, ‘லெஸ்’ கட்டளையை ரூட்டாக இயக்க விடுவார்கள். லெஸ்ஸுக்குள் இருந்தபடியே ஒரு ஆச்சரியக்குறி அடித்து ஷெல் திறக்கலாம். அந்த ஷெல் ரூட்டாகத் திறக்கும். விம், ஃபைண்ட், ஆக் என்று இப்படி வேறொரு நிரலைத் தொடங்கும் திறன் உள்ளவை ஏராளம். எடிட்டர் வேண்டுமென்றால் ‘சூடோஎடிட்’ இருக்கிறது. அது கோப்பின் பிரதியை உங்கள் சொந்த எண்ணில் ஓடும் எடிட்டரில் திறந்து, முடிந்தபின் திருப்பி எழுதும். அதேபோல, நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரின் குழு. டாக்கரை இயல்பான முறையில் நிறுவியிருந்தால், அந்தக் குழுவில் இருப்பவர் சர்வரின் முழு டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து, உள்ளே 0 ஆக நின்று எதையும் மாற்றலாம். உள்ளே இருக்கும் எண்களை வெளியே வேறு எண்களாக மாற்றும் பயனர் நேம்ஸ்பேஸை அமைக்காத வரை கன்டெய்னருக்குள் இருக்கும் 0 வெளியேயும் அதே 0 தான். டாக்கர் குழுவில் சேர்ப்பதும் கடவுச்சொல் கேட்காத சூடோ கொடுப்பதும் ஒன்று. சேர்க்கலாம், ஆனால் தெரிந்து சேர்க்க வேண்டும்.

கமாண்ட் லைனில் நாம் அடிப்பதை முதலில் படிப்பது ஷெல், கட்டளைக்கு அது பிறகுதான் போய்ச் சேரும். இது தெரியாததால் வரும் குழப்பங்களுக்குக் கணக்கே இல்லை. மிகப் பிரபலமானது: ‘சூடோ எக்கோ’ என்று தொடங்கி, வெளியீட்டை அம்புக்குறியால் ஈடிசி டைரக்டரியில் உள்ள ஒரு கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுப்பு வரும். சூடோதானே போட்டோம்? அம்புக்குறி ஷெல்லுக்கு உரியது. கோப்பைத் திறக்க முயன்றது சாதாரண எண்ணில் ஓடும் உங்கள் ஷெல். எக்கோ மட்டும்தான் ரூட்டாக ஓடியிருக்கும், அதுவும் எந்தப் பயனும் இல்லாமல். எழுதும் வேலையையே ரூட்டாகச் செய்ய ‘டீ’ கட்டளையைச் சூடோவோடு பைப்பின் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் குறியின்) மறுமுனையில் வைப்பது இதற்குத்தான்.

நட்சத்திரக்குறியை விரிப்பதும் ஷெல்தான். ஒரு டைரக்டரியில் சிறு கோட்டில் (-) தொடங்கும் பெயருள்ள கோப்பு ஒன்று இருந்தால், நட்சத்திரம் விரியும்போது அது கட்டளைக்குத் தேர்வாகத் தெரியும். ரூட்டின் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டுவது), கோப்புகளைத் தொகுக்கும் ‘டார்’ போட்டு, பலர் எழுதக்கூடிய ஒரு டைரக்டரியை நட்சத்திரக்குறியோடு காப்பு எடுக்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டார் தேர்வுகளில் இடையிடையே வேறொரு கட்டளையை இயக்கச் சொல்லும் தேர்வும் உண்டு. அந்தப் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி வைத்தால் போதும், இரவு கிரான் ஓடும்போது அது ரூட்டாக இயங்கும். நட்சத்திரத்துக்கு முன் புள்ளியும் சாய்வுக்கோடும் போடுவது இரண்டு எழுத்து வேலை, இந்த வழி அடைபட்டுவிடும். மாறிகளை மேற்கோள்குறிக்குள் வைக்கச் சொல்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த அறிவுரைதான்.

கடவுச்சொல்லைக் கட்டளையின் வாதமாகக் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயல்பான அமைப்பில் எந்தப் பயனரும் பிஎஸ் அடித்து மற்றவர்களின் ப்ராசஸ் வாதங்களைப் படிக்கலாம். ஹிஸ்டரி கோப்பிலும் அது தங்கிவிடும். அதனால் கோப்பிலிருந்தோ கேட்டுப் பெறும் முறையிலோ கொடுப்பதே சரி.

வாசல்

எஸ்எஸ்எச் பிறந்தது 1995-ல். ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதைப் பார்த்து டாட்டு யுலோனென் அதை எழுதினார். அதுவரை தொலைவிலிருந்து நுழையப் பயன்பட்ட டெல்நெட்டில் கடவுச்சொல் வெட்டவெளியில் போய்க்கொண்டிருந்தது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எச் 1999-ல் ஓபன்பிஎஸ்டி குழுவிடமிருந்து வந்தது.

கீ வழியாக மட்டும் நுழைய விட்டு, கடவுச்சொல் நுழைவை அணைத்துவிடுவது முதல் வேலை. இணையத்தில் எஸ்எஸ்எச்சின் வழக்கமான வாசலான எந்த 22-ம் போர்ட்டையும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். கடவுச்சொல்லே ஏற்காத சர்வரில் அந்தத் தட்டல் வெறும் சத்தம். போர்ட்டை மாற்றுவது அந்தச் சத்தத்தைக் குறைக்கும், பாதுகாப்பு என்று அதைக் கணக்கில் வைக்க முடியாது. அமைப்பை மாற்றும்போது எஸ்எஸ்எச் சர்வரைச் சோதனைத் தேர்வோடு இயக்கி இலக்கணம் பார்த்துவிட்டு, இருக்கும் செஷனை மூடாமல் இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே திறந்த செஷன் சர்வீஸை மறுதொடக்கம் செய்தாலும் பிழைத்திருக்கும், அதுதான் நமக்குக் காப்பு.

கீயும் அது உருவான விதத்தைப் பொறுத்துத்தான். 2006-ல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற என்க்ரிப்ஷன் நூலகப் பொதியில், எச்சரிக்கை வருகிறதே என்று சில வரிகளை நீக்கினார்கள். அதோடு தற்செயல் எண்ணுக்கான மூலப்பொருள் அநேகமாக எல்லாமே போய்விட்டது. மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும். ஒரு வகைக் கீக்கு 32 ஆயிரத்துச் சொச்சம் சாத்தியங்கள்தான். 2008-ல் கண்டுபிடிக்கும் வரை டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான கீக்களை உட்கார்ந்து முழுவதும் முயன்று பார்த்துவிடலாம் என்ற நிலை. அமைப்பைச் சரிசெய்தது போதவில்லை, பழைய கீக்களையும் தேடித் தேடித் தூக்க வேண்டியிருந்தது.

2024 மார்ச்சில் நடந்தது அதைவிட விசித்திரம். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்திருந்தார்கள். ஓபன்எஸ்எஸ்எச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. ஆனால் சில விநியோகங்கள் எஸ்எஸ்எச் சர்வரை, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நூலகத்தோடு இணைத்திருந்தன, அது எக்ஸ்இசட் நூலகத்தை இழுத்து வந்தது. இப்படி 0 ஆக ஓடும் ஒரு ப்ராசஸுக்குள், குறிப்பிட்ட கீ வைத்திருப்பவர் நுழைவுச் சோதனைக்கு முன்பே கட்டளை இயக்கும் வழி உருவானது. எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து நோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நிரலாளர் அதைக் கண்டுபிடித்தார். பெரும்பாலான நிலையான பதிப்புகளுக்குப் போய்ச் சேரும் முன் பிடிபட்டது.

நுழைவைப் பற்றி அட்மின்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கைக் கடவுச்சொல் கட்டளையின் பூட்டும் தேர்வால் பூட்டிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். அது கடவுச்சொல்லை மட்டும் செல்லாததாக்கும். அவருடைய ஹோம் டைரக்டரியில் எஸ்எஸ்எச் கீ இருந்தால் வழக்கம்போல நுழையலாம். அந்தக் கட்டளையின் கையேட்டுப் பக்கமே இதை எச்சரிக்கிறது. கணக்கைக் காலாவதி ஆக்கும்படி சொல்கிறது. அதோடு அவருடைய கிரான் வேலைகள், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்கள், வேறு பொதுக் கணக்குகளில் அவர் விட்டுச் சென்ற கீக்கள் இவற்றையும் பார்க்க வேண்டும்.

வாசல்கள் எத்தனை திறந்திருக்கின்றன என்பதற்கு ‘எஸ்எஸ்’ கட்டளை. எந்த போர்ட்டில் எந்த ப்ராசஸ் காத்திருக்கிறது என்று அது காட்டும். ஃபயர்வால் விதியை எழுதுவதற்கு முன் இதைப் பார்த்து, தேவையில்லாததை நிறுத்துவது மேல். டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலின் விதிகளில் சிக்காமல் போய்விடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

பூஜ்யத்துக்கும் வேலி

ஓட்டைகள் வந்துகொண்டேதான் இருக்கும். 2016-ல் வெளிவந்த டர்ட்டி கவ் 2007-லிருந்து கெர்னலில் இருந்தது. 2022-ல் டர்ட்டி பைப். படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பின் உள்ளடக்கத்தை இரண்டிலும் மாற்ற முடிந்தது, அனுமதி பிட்டுகள் ஒழுங்காக இருந்தும்கூட. அப்டேட் போடுவதைத் தவிர இதற்கு வழியில்லை. போட்ட பிறகு மறுதொடக்கமும் வேண்டும்: நூலகத்தை மாற்றினாலும் ஏற்கெனவே ஓடும் ப்ராசஸ் பழைய பிரதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கெர்னலுக்கும் அதே கதிதான்.

ஒரு ப்ராசஸ் 0 ஆகிவிட்டாலும் எல்லாம் போய்விடக் கூடாது என்ற எண்ணத்தில் வந்தது எஸ்இலினக்ஸ். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்டது, 2003-ல் 2.6 கெர்னலில் சேர்ந்தது. எண்ணைத் தாண்டி, ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கோப்புக்கும் ஒரு லேபிள். வெப் சர்வரின் லேபிள் உள்ள ப்ராசஸ், வெப் உள்ளடக்கத்தின் லேபிள் உள்ளதைத்தான் தொடலாம். உபுண்டுவில் இதே வேலையைக் கோப்பின் பாதையை வைத்து ஆப்ஆர்மர் செய்கிறது.

எஸ்இலினக்ஸுக்குத் தலைவலி என்ற பெயர் வந்ததற்கு பாதிக் காரணம் ‘எம்வி’ கட்டளை. ஹோம் டைரக்டரியில் வைத்திருந்த கோப்பை வெப் டைரக்டரிக்கு நகர்த்தினால் பழைய லேபிள் அப்படியே கூட வரும். ‘எல்எஸ்’ அடித்தால் அனுமதிகள் சரியாகவே தெரியும், பிரவுசரில் 403 (அனுமதி மறுப்பு) வரும். நகலெடுத்திருந்தால் புதிய இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். எல்எஸ்ஸுக்குப் பெரிய இசட் தேர்வைக் கொடுத்தால் லேபிள் தெரியும், ‘ரெஸ்டோர்கான்’ அடித்தால் சரியாகிவிடும். இந்த ஒரு நிமிட வேலைக்குப் பதிலாக மொத்த எஸ்இலினக்ஸையும் அணைக்கச் சொல்லும் நிறுவல் கையேடுகள் மேல் எனக்கு மரியாதை இல்லை.

மாறாத எண்

லாகுகள் டெபியன் வகையில் ‘ஆத்’ லாகிலும், ரெட்ஹேட் வகையில் ‘செக்யூர்’ கோப்பிலும், பொதுவாக சிஸ்டம்டியின் ஜர்னலிலும் கிடைக்கும். ‘லாஸ்ட்’ யார் எப்போது நுழைந்தார் என்று சொல்லும். ஆனால் 0 ஆகிவிட்டவர் இவை எல்லாவற்றையும் திருத்தலாம், அழிக்கலாம். அதனால் எழுதப்படும் நொடியிலேயே வேறொரு சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும். அதே கணக்கில் திறக்க முடியாத சர்வராக அது இருக்க வேண்டும்.

சூடோ பதிவதும் ஓரளவுக்குத்தான். ஒருவர் சூடோ வழியாக ஒரு ரூட் ஷெல் திறந்துவிட்டால், வழக்கமான அமைப்பில் அந்த ஷெல் திறந்தது மட்டும் லாகில் இருக்கும், உள்ளே என்ன செய்தார் என்பது இருக்காது. இங்கேதான் கெர்னலின் ஆடிட் வசதி உதவும். ஒவ்வொரு ப்ராசஸோடும் லாகின் எண் என்று இன்னொரு எண்ணைக் கெர்னல் வைத்திருக்கிறது. நுழையும்போது ஒருமுறை எழுதப்படும். பிறகு சூடோ, வேறு பயனராக மாறும் எஸ்யூ, செட்யூஐடி எதன் வழியாகப் போனாலும், அனுமதி பார்க்கும் எண் 0 ஆக மாறினாலும், இது மாறாமல் குழந்தை ப்ராசஸ்களுக்கும் போகும். முழு ரூட் அதிகாரம் உள்ளவர் இதையும் மாற்றாதபடி பூட்டிவைக்க ஒரு அமைப்பு உண்டு. ஆடிட் லாகில் ‘ஏயூஐடி’ என்று வருவது இந்த எண்தான்.

எல்லோரும் ரூட்டாகவே நேரடியாக நுழைந்தாலோ, ஒரே பொதுக் கணக்கைப் பகிர்ந்துகொண்டாலோ இந்த எண் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும், அப்போது ஆடிட் லாக் யாரையும் காட்டாது. ஆளுக்கு ஒரு கணக்கு வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

விதி எழுதும்போது, லாகின் எண் 1000-க்குக் குறையாமலும் செயல்படும் எண் 0 ஆகவும் இருக்கும் ஒவ்வொரு நிரல் தொடக்கத்தையும் பதியச் சொல்வது வழக்கம். அதில் 4294967295 என்ற எண்ணைத் தவிர்க்கும்படி ஒரு நிபந்தனையும் சேர்ப்பார்கள். லாகின் எண் எழுதப்படவே இல்லை என்பதற்கான குறி அது. பூட் ஆகும்போது தொடங்கிய சர்வீஸ்களுக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும், பதிந்தால் லாக் நிரம்பி வழியும். தவிர்ப்பது நியாயம்தான், ஆனால் ஷெல்களுக்கு மட்டும் தனியாக ஒரு விதி எழுதி அந்த எண்ணையும் பிடியுங்கள். லாகினே இல்லாமல் வெப் சர்வரின் பயனர் எண்ணில் ஒரு ஷெல் திறந்திருந்தால், ஒன்று உங்கள் அப்ளிகேஷனே அதைத் தொடங்கியிருக்க வேண்டும், அல்லது அதன் ஓட்டை வழியாக யாரோ தொடங்கியிருக்க வேண்டும். முதலாவதா என்று நிரல் எழுதியவர்களிடம் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.